அக்கா கேட்ட குரல்

வண்டி ஓட்டிக்கொண்டே அக்கா வாயைத் திறந்தாள். ஆரஞ்சுச் சுளை ஒன்றை உள்ளே போட்டேன்.

"கொட்டையோட குடுக்கிறியே, வயித்துல மரம் முளைக்கவா?"

அடுத்த சுளையை எடுப்பதற்குள் முன்னால் போன லாரி சட்டென்று நின்றுவிட்டது.

அவசர சிகிச்சை அறையில் எங்கள் கட்டில்களுக்கு நடுவே ஒரு பச்சைத் திரை. ஸ்டியரிங் அவள் வயிற்றில் இடித்திருந்ததால் எல்லோரும் அந்தப் பக்கமே நின்றார்கள். எனக்குக் கழுத்தில் சீட் பெல்ட் அறுத்த சிவப்புக் கோடு மட்டும்தான். "எனக்கு ஒண்ணுமில்ல, அவளைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரைக்கு அப்பாலிருந்து அக்கா சொன்னாள்: "டாக்டர், என் தங்கச்சி வாயாடி. பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்பக் கேக்கிறது அவ குரலே இல்ல."

டாக்டரம்மா உடனே திரையை விலக்கி வந்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். முடியவில்லை. கழுத்தில் விரல் வைத்தார். தோல் விம்மி இறுகியிருந்தது. சாய்ந்தால் மூச்சு முட்டியது.

"உள்ள ரத்தம் கட்டுது. மூச்சுக்குழாயை நெருக்குது. இவங்களைப் படுக்க வைக்காதீங்க."

உட்கார்ந்தபடியே மூக்கை மரத்துப்போகச் செய்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். பக்கத்து மானிட்டரில் வெள்ளையாய் இரண்டு மடிப்புகள் தெரிந்தன. நான் மூச்சை இழுத்தால் விலகின. விட்டால் நெருங்கின.

"அதோ, அதுதான் உங்க குரல்" என்றார் டாக்டரம்மா.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எனக்குள் இப்படி ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறது!

"என்னடி தெரியுது அங்க?" அக்கா கேட்டாள். மூச்சு விடுவதற்கான பிளாஸ்டிக் குழாய் தொண்டைக்குள் இறங்கிவிட்டது, என்னால் பேச முடியவில்லை. "இவ பதில் பேசாம இருக்கா. அதிசயந்தான் போ" என்றாள். அவள் கட்டில் உருண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது.

ஸ்கேனில் தைராய்டின் வலது பாதி கிழிந்திருந்தது. ரத்தக்குழாயைக் கட்டி அந்தப் பாதியை எடுத்துவிட்டார்கள். குரலுக்கான நரம்பு அதன் பின்னால்தான் ஓடுகிறதாம், தையல் நூல் அளவுக்கு. அதில் கீறல் படாமல் விலக்கியதை டாக்டரம்மா தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயை எடுத்ததும், "அக்கா?" என்றேன். அவள் கணவர், என் மாமா, என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் மண்ணீரலில் கசிந்த ரத்தத்தை நிறுத்த முடியவில்லை.

இப்போதும் வருஷா வருஷம் ரத்தம் எடுத்து தைராய்டு அளவைப் பார்க்கிறார்கள். மாத்திரை எதுவும் எழுதித் தருவதில்லை. மீதிப் பாதியே முழு வேலையையும் செய்கிறது. அளவு மாறவில்லை.