வலது கை

கவியா மரத்தில் நடுவிரலின் நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. "சீக்கிரம்மா, ஜனம் வர ஆரம்பிச்சிடும்," என்று பெரியப்பா நிலைகொள்ளாமல் அலைந்தார்.

விடியற்காலையில் மாரடைப்பு வந்து அப்பா போனதிலிருந்து பெரியப்பா கேட்டது இது ஒன்றைத்தான்.

"புத்தருக்கெல்லாம் கை வெச்சுக் குடுக்கிற. உங்கப்பனுக்கு மூணு வெரலு வெச்சுக் குடும்மா. மூளியா அனுப்ப மனசு வரல. நான்தானே அவன இட்டுகினு போயி தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல சேத்தேன்."

சேர்ந்த முதல் மாதமே மெஷின் வலது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம்தான் அப்பாவுக்குக் கல்யாணமே ஆயிற்று.

ஜப்பானில் பழைய புத்தர் சிலைகளைச் செப்பனிடக் கற்றுவந்தவள் கவியா. சேரப்பணஞ்சேரி வீட்டின் பின்புறத்தில்தான் பட்டறை. உளி பிடித்தால் கை பிசகாது. அதில் அவளுக்கே சந்தேகம் கிடையாது. பெரியப்பா காட்டிய பழைய போட்டோவை ஒருதரம் பார்த்தாள், போதும். புத்தருக்கென்று வைத்திருந்த மரத்தில் செதுக்கி, சாயமேற்றி, மெழுகு வைத்துப் பொருத்தினாள்.

"அச்சு அசலா அவன் கைம்மா!" பெரியப்பா அந்த விரல்களைத் தடவிப் பார்த்தார்.

அப்பாவைப் பெட்டிக்குள் வைக்கும் முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தாள். சட்டென்று விட்டுவிட்டாள்.

"யாரு கைடி இது?"

"அப்பா கைதாம்மா. கல்யாணத்துக்கு முந்தி இப்படித்தான் இருந்திச்சாம்."

"இருந்திருக்கும். எனக்குத் தாலி கட்னது இந்தக் கை இல்லியே. முடிச்சுப் போட வராம முழிச்சாரு. நான்தான் பின்னாடி கைய வுட்டு ஒரு நுனியப் புடிச்சேன்."

உடைந்த சிலையை எந்தக் காலத்து உருவத்துக்குத் திருப்புவது என்று கும்பிடுகிறவர்களைக் கேட்க வேண்டும். ஜப்பானில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைக்கு அவள் கேட்கவில்லை. தன் மீதே கோபம் வந்தது கவியாவுக்கு. மெல்லிய கத்தியை மெழுகில் நுழைத்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"இவரு இப்படியே போவட்டும், பெரியப்பா."

பெரியப்பா வலது கையை நீட்டினார். மூன்று விரல்களையும் அதில் வைத்தாள்.

மேளம் தொடங்கியது. அண்ணன் என்ற முறையில் பெரியப்பா வாசலில் போய் நின்றார். துக்கத்துக்கு வந்த ஆண்கள் வரிசையாக அவர் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். எல்லோருக்கும் அவர் இடது கையைத்தான் நீட்டினார். வலது கை மூடியே இருந்தது.