இருபத்து நாலு கோர்

பக்கத்து வீட்டில் ஓரகத்திக்குப் பதினாறு கோர் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றே மூத்தவளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. இவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். இளையவள் வீடியோ எடிட்டர். இரண்டு வேலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பொறாமை அதையெல்லாம் பார்த்தா வரும்?

இவளுக்கும் புது மெஷின் தேவைதான். ஆஸ்பத்திரி வரைபடத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் இனி தன் வேலையெல்லாம் இவளுக்கே என்று ஒரு ஆர்க்கிடெக்ட் வாக்குக் கொடுத்திருந்தார். பழையது மூச்சுவிடவே திணறியது.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். “கோர்ங்கிறது கம்ப்யூட்டருக்குள்ள வேலை செய்யற சமையல்காரர் மாதிரி மேடம். வீடியோன்னா வேலையை எல்லாரும் பிரிச்சுக்குவாங்க. உங்க சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஒருத்தரைத்தான் நம்பியிருக்கு. எட்டு போதும், வேகமான எட்டா வாங்குங்க.”

“அவளுக்குப் பதினாறு, எனக்கு எட்டா?”

“யாருக்கு மேடம்?”

“அதை விடுங்க. இருக்கறதுலயே பெரிசு எது?”

“இருபத்து நாலு. ஆனா தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் கொஞ்சம் மந்தம்…”

“அதையே கொடுங்க.”

ஓரகத்தி கண்ணில் படட்டும் என்று ஹாலிலேயே வைத்தாள். ஆஸ்பத்திரி வரைபடத்தைத் திறந்தாள். ஒரு சுவரை நகர்த்தினால் திரை உறைந்து நின்றது. உள்ளே ஒரே ஒரு கோர் நாக்குத் தள்ள உழைத்துக்கொண்டிருக்க, மீதி இருபத்து மூன்றும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன.

புதன்கிழமை இளையவள் வந்தாள். “அக்கா, மாமா உங்க ஃபைலைக் கொண்டுவந்தாரு. என் மெஷின்ல சொடக்குப் போடறதுக்குள்ள திறந்துருச்சு. என்னுது ஒவ்வொண்ணும் வேகம்க்கா. எனக்கு நிறைய கோர் இருந்தா வீடியோ சீக்கிரம் முடியும். பேசாம மாத்திக்கலாமா?”

மூத்தவளுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. கேட்டவள் வேறு யாராக இருந்தாலும் அப்போதே ஒயரைப் பிடுங்கிக் கொடுத்திருப்பாள். அந்த வீட்டில் இருபத்து நாலு, இந்த வீட்டில் பதினாறு என்று நினைத்ததுமே வந்த உயிர் போய்விட்டது. ஃபைலைக் கொண்டுபோன கணவனை வேறு ஒரு முறை முறைத்தாள்.

“வேணாம்மா. எனக்கு இதுவே சௌகரியமா இருக்கு.”

வெள்ளிக்கிழமை முடிந்தபோது வரைபடம் பாதியில் நின்றது. ஆர்க்கிடெக்ட் கோபப்படவில்லை, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாசலில் கடை வண்டி வந்து நின்றது. இளையவள் ஜன்னலில் நின்ற மூத்தவளைப் பார்த்துச் சிரித்தாள். “நீங்க மாத்திக்க மாட்டேன்னுட்டீங்களேக்கா, வேற வழி? முப்பத்திரண்டு!”