மூன்றாம் நடைப் பால்

எங்கள் மேய்ச்சல் நிலத்தில் குதிரைப்பாலை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நடை கறப்போம். நாலாம் நடை கறக்கக் குதிரைகளை ஓட்டிவந்தபோது என் மனைவி குல்யாஷ் கூடாரத்து வாசலில் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலக்கை துணிபோலத் தொங்கியது. கூப்பிட்டால் பார்த்தாள், பேச்சு வரவில்லை. மணி இரண்டரை.

பக்கத்துக் கூடாரத்து செய்த்கலி அதற்குள் கத்தியோடு வந்துவிட்டான்.

"கருப்பு ஆடு ஒண்ணு அறுப்போம், எர்தாய் அண்ணே. சூட்டோட தோலைச் சுத்திப் படுக்க வெச்சா விடியறதுக்குள்ள எழுந்துருவாங்க."

"போன வருஷம் உன் மாமனைச் சுத்துனியே, எழுந்தாரா?"

"அது ஆடு சரியில்லண்ணே."

"காரை எடுடா!"

அவன் மனைவி மரியாஷ் ஒரு கிண்ணம் குதிரைப்பாலை குல்யாஷின் வாயருகே கொண்டுவந்தாள். தட்டிவிட்டேன். வாய் கோணினவளுக்குப் புரையேறும் என்று எனக்கே தெரியும். "மேட்டு மேல ஏறி நில்லு. அங்கதான் போன் எடுக்கும். ஏதும் கேக்கணும்னா கூப்பிடுவேன்" என்று மரியாஷிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நகரம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. பெட்டிபோன்ற இயந்திரத்துக்குள் அவள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் ரவுஷான் வந்தார்.

"ரத்தம் கசியல. அடைப்புதான். கரைக்க ஊசி இருக்கு. ஆனா கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டினா மூளைக்குள்ளயே ரத்தம் கொட்டலாம். கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"ரெண்டரைன்னு சொல்லுண்ணே" என்று செய்த்கலி காதைக் கடித்தான்.

பொய் சொல்லி அவளைக் கொல்ல எனக்கு மனமில்லை. "ரெண்டரைக்கு விழுந்து கிடந்தா. ஒரு மணிக்கு மூணாம் நடை கறந்தா, டாக்டரம்மா. வாளி நிறைய. குதிரையோட பின்னங்காலைச் சுத்திக் கையை விட்டுக் கறக்கணும். ஒத்தைக் கையால ஆகாது."

"கை சரி. பேசினாங்களா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைத் தலை வலித்தால்தான் போடுவாள். அதற்குக் கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலைலேர்ந்தே பேச்சு இல்லியா? அப்பவே அடைச்சிருந்தா ஊசி போட முடியாதே."

"கோவத்துலம்மா."

"கோவமா நோயான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

மரியாஷை அழைத்தேன். மேட்டிலேயே நின்றிருந்தாள். டாக்டர் போனை வாங்கிக்கொண்டார்.

"மூணாம் நடைக்கு அப்புறம் குல்யாஷ் பேசினாங்களா?"

"பேசினாங்களாவா! பால் வடிகட்டி முடிக்கிற வரைக்கும் வாய் ஓயல. இந்தக் கழுதை மூஞ்சிக்கு வாக்கப்பட்டு என்னத்தக் கண்டேன்னு ஆரம்பிச்சு, அண்ணன் குறட்டை வரைக்கும் வந்துட்டாங்க."

"வார்த்தை குழறிச்சா?"

"அண்ணனைத் திட்டறப்ப அக்காவுக்கு எந்த வார்த்தை குழறும்? சுத்தமா வந்துச்சு."

"மணி?"

"ரேடியோவுல ஒரு மணி செய்தி முடிஞ்சு பாட்டு ஓடுச்சு."

செய்த்கலி சிரிப்பை அடக்க இருமினான். டாக்டர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"ஒண்ணேகால்னு வெச்சாலும் அஞ்சே முக்கால் வரைக்கும் நேரம் இருக்கு. ஊசி போட்டாலும் சிலருக்கு ரத்தம் கசியும். சம்மதமா?"

"போடுங்க."

ஊசி ஏறியது. அன்று எதுவும் மாறவில்லை. மறுநாள் முழங்கை மடங்கியது. மூன்றாம் நாள் "ம்… தண்…" என்று பாதிச் சொல் வந்தது. முதல் சில மாதம்தான் முக்கியம், கையைச் சும்மா போட்டால் அப்படியே நின்றுவிடும், மாத்திரையும் இனி தினம் என்றார் டாக்டர். குல்யாஷ் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் வைத்தாள். விரல் பிடிக்கவில்லை, நழுவியது. மறுபடி வைத்தாள். நான் பிடித்துக்கொடுக்கப் போனேன். இடக்கையால் என்னை ஓங்கி ஓர் அடி அடித்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

பதினோராம் தடவை சுண்டுவிரல் மட்டும் கம்பியைச் சுற்றி நின்றது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டாவதுக்குக் கையைத் தூக்கினாள்.