நடு இடமும் உச்சத்துப் பாட்டும்

"அந்தப் பாட்டு வேணாம்னா வேணாம், டாக்டர்!"

"ஏம்மா, போன வருஷம் அதைப் பாடித்தானே கைதட்டு வாங்கின? இப்ப என்ன, கசக்குதா?"

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும், எங்கள் தெருவின் சேர்ந்திசைக் குழு கூடும். என் ஜன்னலுக்கு நேர் எதிர் என்பதால் காதைத் தீட்டிக்கொள்ள அவசியமே இல்லை. தீட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

புது நூலகத் திறப்பு விழாவுக்கு ஒரே ஒரு பாட்டு. அதை முடிவு செய்யத்தான் இத்தனை ரகளை. குழுவின் முதல் குரலான வங்கிக்காரி உட்காருகிறாள், எழுகிறாள், டாக்டர் நீட்டும் தாளையெல்லாம் ஒதுக்குகிறாள். இது இழுவை, அது அழுகை, இன்னொன்று தூக்கம் வருகிறது. உண்மையில் எல்லாவற்றிலும் உச்சத்துக்கு ஏறும் இடம் ஒன்று இருந்தது. ஒரு மாதமாக அந்த இடத்தில் அவள் குரல் கிழிந்தது. காலையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, போனில் பதிந்துவந்த ஒத்திகையோடு சேர்ந்து அவள் முயன்று தோற்பது பக்கத்து வீடான எனக்குத் தெரியாதா? வெளியே தெரிந்தால் முன்வரிசையின் நடு இடம் போய்விடும். அதற்காக டாக்டர் மனைவி எத்தனையோ நாளாகக் காத்திருந்தாள்.

"இவளுக்கு இஷ்டமில்லன்னா விடுங்களேன். நானே பாடறேன்."

"தாராளமா பாடுங்கக்கா! பல்லுவலிக்காரங்க எழுந்து ஓடாம இருந்தா சரி."

"என்னடி சொன்ன?"

மூலையில் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பல்லைத் துளைக்கும் கருவிக்குக் காற்றடிப்பது. ஆர்மோனியம் வாங்க மனம் வராத டாக்டர், அந்த உறுமலைத்தான் குழுவுக்கு ஸ்ருதியாக வைத்திருந்தார். வசவு முழுதாகக் கேட்கவேண்டும் என்று டாக்டர் மனைவி போய் அதை அணைத்தாள்.

வங்கிக்காரிக்கு அழுகை முட்டியது. "என் குரல் போச்சு! போதுமா? எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று அதே பாட்டை, உறுமல் இல்லாமல், தன் போக்கில் எடுத்தாள். உச்சத்துக்கு ஏறினாள். நின்றாள். கிழியவில்லை.

டாக்டர் மெஷினைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். பழையது புகைந்துபோய்ப் போன மாதம் வந்த புது மெஷின் அது. உறுமலின் ஸ்ருதியும் பழையதைவிடக் கொஞ்சம் உயரம். ஒரு மாதமாக அத்தனை பேரும் மேலே ஏற்றிப் பாடியிருக்கிறார்கள்.

"அப்ப என் அடிக்குரல்?" என்றார் குழுவில் கீழ்ஸ்தாயி பாடும் தையல் மாஸ்டர் கலவரத்தோடு. அந்த ஒரு மாதமாகத்தான் அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே எங்கள் காதில் விழுந்தது. ஸ்ருதி இறங்கியதும் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

விழாவில் அந்தப் பாட்டையேதான் பாடினார்கள். வங்கிக்காரிக்கு நடு இடம், பலத்த கைதட்டல். மாஸ்டர் முதலிலிருந்து கடைசிவரை வாயை மட்டும் அசைத்தார்.

"நல்லா மூச்சு விட்டீங்க, மாஸ்டர்," என்றாள் அவள், இறங்கும்போது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஒரு மாசம் நானும் அதே பயத்துலதானே இருந்தேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், விடுங்க."

வருடம் முடிவதற்குள் இருவருக்கும் பதிவுக் கல்யாணம். அவளுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வர, மாஸ்டரும் கடையைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். நடு இடம் டாக்டர் மனைவிக்கு வந்தது. அன்றிலிருந்து டாக்டர் உச்சமே இல்லாத பாட்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.