கொசு கடிக்காத மாப்பிள்ளை

பழவேற்காடு ஏரிக்கரையில் உமர் பாரூக் வாடகைக்கு விடும் நாலு அறைகளில், மே மாதம் பத்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை, யாரையும் கொசு கடிப்பதில்லை. அந்தப் பதினொரு நாளும் அங்குள்ள எல்லாக் கொசுக்களும் சடையப்பன் ஒருவனையே கடிக்கின்றன. இது 2022இல் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையொன்றில் ஃபோர்மேனாக இருக்கும் தேசப்பன், மகள் குணசுந்தரிக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, புது மாப்பிள்ளையையும் சேர்த்து ஒன்பது பேராகக் கோடை விடுமுறைக்கு வந்தார். மாப்பிள்ளை சடையப்பன் பள்ளிப்பட்டுக்காரன், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்பும் இடத்தில் அவன் வேலை பார்த்தும், அன்று மாலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கரண்டு போய் ஃபேன் நின்றது. தேசப்பன் கொண்டுவந்த கொசுவலையில் எட்டுப் பேருக்குத்தான் இடம்.

புது மாப்பிள்ளை எதையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். வற்புறுத்துவது மாமனார் வீட்டாரின் பொறுப்பு. பள்ளிப்பட்டுப் பக்கம் மூன்று தடவை வற்புறுத்துவார்கள். கும்மிடிப்பூண்டியில் எல்லாருக்கும் ஷிப்டு வேலை, ஒரு தடவைதான்.

“இன்னா மாப்ள, கொசு கடிக்குதா? உள்ள வந்துருங்க, ஒடுங்கிப் படுத்துக்கலாம்.”

“எனக்குக் கொசுவே கடிக்காது மாமா. நீங்க படுங்க.”

“அப்ப சரி” என்று தேசப்பன் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினார்.

சடையப்பன் மிச்சம் இரண்டு தடவைக்காகக் காத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். கொசு கடிக்காது என்று சொன்ன ஆள் கொசுவை அடிக்க முடியாது, சொறியவும் முடியாது. அடிக்காத உடம்பு ஒன்று கிடக்கிறது என்ற செய்தி கொசுக்களிடையே பரவ அரைமணி நேரம் பிடித்தது. அடுத்த அறைகளின் கொசுக்கள் வந்தன. மூன்றாம் நாள் ஏரியின் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்தன. பத்தாம் நாள் அவனுடைய வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரிந்தது. அந்த அறைகளில் வேறு யார் தோலிலும் ஒரு தடிப்பு இல்லை.

அடுத்த வருஷம் வலையைக் கொண்டுவரவில்லை, மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மாமியார் முத்தம்மாள் அவனுக்கு ரத்தம் ஊறத் தினமும் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வதக்கிப் போட்டாள். பக்கத்து அறைக்காரர்கள் பீட்ரூட் கொடுத்தனுப்பினார்கள். உமர் பாரூக் நாலு அறைக்கும் நடுவில் வராந்தாவில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு, “தம்பி, இந்த எடத்த உட்டு நவுந்துடாதீங்க, கடைசி ரூமுல கைக்கொழந்தை கீது” என்று கேட்டுக்கொண்டார். மச்சினன் சரவணன் மட்டும் பக்கத்தில் வந்து குந்தி, “மாமா, உண்மைய சொல்லு, கடிக்கலயா?” என்பான். “கடிக்கலடா” என்பான் சடையப்பன். சரவணன் போய் வலைக்கு உள்ளேயிருந்த மாதிரியே வெளியேயும் குறட்டை விடுவான். மூன்று வருஷத்தில் சடையப்பன் பதினாறு கிலோ குறைந்தான். ரத்தம் சோதித்த டாக்டர் ஊசியைத் திரும்பவும் குத்திப் பார்த்தார். இன்னொரு மே மாதம் தாங்காது என்றார். குணசுந்தரி அதைக் கேட்டுவிட்டுப் பதினொரு நாளுக்குத் துணி அடுக்கினாள்.

2025 மே பன்னிரண்டாம் தேதி, எல்லாரும் இறால் வடை தின்றுகொண்டிருந்தபோது சடையப்பன் கட்டிலிலிருந்து சொன்னான்: “கடிக்குது மாமா.”

தேசப்பன் வாயில் வடை நின்றது. கொசுக்கள், ஆலைச் சங்கு ஊதியதும் கம்பெனி கேட்டைத் தாண்டும் ஆட்களைப் போல, தள்ளுமுள்ளு இல்லாமல், அவனை விட்டு எழுந்து மற்றவர்கள்மேல் போய் உட்கார்ந்தன. சடையப்பன் தொடையை நன்றாகச் சொறிந்துவிட்டுத் தூங்கிப்போனான். நாலு அறையிலும் கைதட்டுகிற சத்தம். உமர் பாரூக் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, “இன்னா தம்பி இது, ஒரே பேஜாரா போச்சே, வாபஸ் வாங்குங்க” என்றார். முத்தம்மாள், “நல்ல எடத்து மாப்ளன்னு நெனச்சேன்” என்று அழுதாள். சடையப்பன் கண் திறக்கவில்லை. நாலு வருஷத்து மே மாதங்களில் அவன் தூங்கிய முதல் தூக்கம் அது. பதினொரு நிமிஷம் நீடித்தது.

பிறகு குணசுந்தரி, முத்தம்மாளின் புடவைக்குள் பொத்தி வைத்திருந்த தன் இரண்டு வயது மகளை வெளியே இழுத்தாள். கவுனைக் கழற்றினாள். குழந்தையைக் கொண்டுபோய்ச் சடையப்பன் மார்பில் குப்புறப் படுக்க வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். குழந்தையின் முதுகு முழுக்கக் கொசு மூடியது. அது அலறியதில் அவன் விழித்தான். கையால் மூடிப் பார்த்தான். கை சின்னது, முதுகு பெரியது.

“கடிக்கல மாமா.”

“காதுல உழல மாப்ள” என்றார் தேசப்பன், கழுத்தைச் சொறிந்துகொண்டே.

“எனக்குக் கொசுவே கடிக்காது மாமா.”

கொசுக்கள் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. குழந்தை அவன் மார்பிலேயே தூங்கிவிட்டது. காலையில் படகில் போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்தார்கள். காற்று நன்றாக இருந்ததால் விடுமுறையை நாலு நாள் நீட்டினார்கள்.