மூன்று பார், ஒன்பது டிகிரி

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் குளிர்சாதனப் பிரிவை முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு வழி வைத்திருந்தது. தேர்வெழுதித் தேறினால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு. தவறினால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். நானும் அக்காவும் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறோம். “மூணு வருஷம்னா ஒத்த ஆளா சமாளிச்சுருவேன். நாலுன்னா, நீ படிச்சு வந்து என்னையத்தான் பழுது பாக்கணும்” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மூன்றுக்கு மேல் முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு மதிப்பெண்ணில் தவறினேன்.

விடைத்தாளை நேரில் பார்க்கலாம் என்றார்கள். வேலைக்கு நடுவே கருவிப் பையோடு போனேன். திருத்திய விரிவுரையாளர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான்காம் கேள்வியில் சிவப்புச் சுழி. ஃப்ரிட்ஜில் ஓடும் வாயு மூன்று பார் அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது கேள்வி. நான் ஒன்பது என்று எழுதியிருந்தேன். அவர் எடுத்துக்காட்டிய பல்கலைக்கழக அட்டவணையில் ஒன்று என்றுதான் இருந்தது.

ஒன்பது தவறென்றால் நான் இத்தனை வருடம் பார்த்த வேலையெல்லாம் தவறு. பையிலிருந்து அழுத்தமானியை எடுத்து மேசைமேல் வைத்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்கே விளங்கியது.

நம் தலைக்குமேல் இருக்கும் காற்று எந்நேரமும் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரு பார் அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கின் மானி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேலே உள்ளதைத்தான் காட்டும். பல்கலைக்கழக அட்டவணை அதையும் சேர்த்தே எழுதியது. ஆகவே எங்கள் மூன்று, அவர்களுடைய நான்கு.

இதை அவரிடம் சொன்னேன். அவர் அட்டவணையில் நான்குக்கு நேரே விரலை ஓட்டினார். ஒன்பது.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “உங்க கல்லூரியில இருந்து வந்த பதினோரு பேரும் ஒன்பதுன்னே எழுதியிருந்தீங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். எந்த அழுத்தம்னு கேள்வியில நான்தான் போடல. தப்பு என்மேல.”

முடிவு வெளியானது வெளியானதுதான் என்று அவர் என்னை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பதினோரு தாள்களையும் எடுத்துக்கொண்டு அப்போதே துறைத் தலைவர் அறைக்குப் போனார். கிளம்புமுன் மானியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து வருடம் படித்தும் இப்படி ஒன்றைத் தொட்டதில்லையாம். எங்கள் கடைக்கு ஒருநாள் வரலாமா என்று கேட்டார்.

மறுநாள் மாலை முடிவைத் திருத்திப் போட்டார்கள். இரண்டாம் ஆண்டு. நடந்ததையெல்லாம் போனில் அக்காவிடம் சொன்னேன்.

“அந்தப் பொண்ணு வீட்டு ஃப்ரிட்ஜ் எப்ப கெட்டாலும் நான்தான் போய்ப் பாப்பேன். நீ குறுக்க வராத” என்றாள்.