கோதுமை இல்லாத வீடு

எண் இறங்கவில்லை. மருத்துவர் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் மேசைமேல் அருகருகே வைத்தார். கோதுமை பட்டால் குடல் புண்ணாகும் நோய் அவளுக்கு. கோதுமையை நிறுத்தி ஓராண்டு ஆகியும், இரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் எண் அப்படியே நின்றது. அவள் எடைதான் இறங்கியிருந்தது.

வெளியே சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். சாஸ், மசாலாப் பொடி, மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கணவன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவது. சமைப்பது அவன் அக்கா. வீட்டில் ஒரு பிடி கோதுமை கிடையாது.

மருத்துவர் பேனாவை மூடினார்.

"ரெண்டுல ஒண்ணுதான். எங்கயோ உங்களுக்கே தெரியாம உள்ள போகுது. போகலைன்னா இது வேற."

"வேறன்னா?" என்றான் கணவன்.

"ரொம்பக் கொஞ்சம் பேருக்கு, சாப்பாட்டை மாத்தினாலும் குடல் ஆறாது. அப்படியே விட்டா அது கெட்ட கட்டியா மாறலாம். ஒரு மாசம் பாருங்க. அப்புறம் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

பேருந்தில் கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மணிக்கட்டில் அவன் விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அவனும் அதைக் கவனித்தான். பிடியைத் தளர்த்திக்கொண்டான்.

அவள் புத்தகம் கட்டுபவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலுவலகப் பதிவேடுகள், மாணவர்களின் ஆய்வேடுகள், நூலகத்தில் கிழிந்துபோனவை எல்லாம் அங்கே வரும். அடுக்களை பின்னால். அது இப்போது அண்ணியின் ஆட்சி. கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

அண்ணி கணவனை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். நோய் தெரிந்த அன்று ரொட்டி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். சல்லடையும் மரக்கரண்டிகளும் குப்பைக்குப் போயின. புது வாணலி வந்தது. அரிசி, பயறு, முட்டை, கீரை, கிழங்கு, மீன். தட்டைப் பார்த்தால் உடல்நலப் பத்திரிகையின் அட்டைபோல இருக்கும். உன்னால் நாங்களும் பத்தியம் கிடக்கிறோம், நீயாவது கொஞ்சம் சதை போடக்கூடாதா என்று கேலி செய்வாள்.

மருத்துவமனைக்குப் போய்வந்த மறுநாள், துவைக்கப் போட்ட அண்ணியின் துணிப்பையில் ஒரு காகிதம் கிடைத்தது. பன் சுற்றித் தரும் காகிதம். விரித்தாள். மடிப்புகளில் துணுக்குகள் இருந்தன.

காகிதத்தை மடித்த இடத்திலேயே வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

பிறகு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. அண்ணி குழம்பைத் துழாவும்போது முதுகைக் காட்டி நின்றாள். தட்டை நீட்டும்போது சிரித்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி மட்டும் இருந்தால் இந்த வீடு அவளுக்கு எவ்வளவு வசதி. அந்த எண்ணம் வந்தபோது அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் போகவில்லை.

காகிதத்தையும் தன் சந்தேகத்தையும் கணவனிடம் சொன்னாள். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான்.

"கோளாறு வயித்துல மட்டும்னு நினைச்சேன்."

அன்று மாலை அண்ணி அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போனாள். அவன் சொல்லிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

தட்டைத் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து பட்டறையிலேயே சமைத்துக்கொண்டாள். அங்கே ஒரு மின்னடுப்பு இருந்தது. புதிய பாத்திரம் வாங்கினாள். முட்டை, கிழங்கு, அரிசி. அவளே கழுவினாள், அவளே வேகவைத்தாள், பாத்திரத்தை அலமாரியில் பூட்டினாள். வீட்டில் இரண்டு சமையல் நடந்தது.

முதல் வாரம் வலி குறைந்ததுபோல இருந்தது. இரண்டாம் வாரம் முன்னைவிட மோசமாக வந்தது. கழிப்பறைச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியர்வை கழுத்தில் இறங்கியது.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. அண்ணியின் கை படாத சோறு. தன் கையால் உரித்த முட்டை. எதுவும் உள்ளே போகவில்லை. அப்படியென்றால் மருத்துவர் சொன்ன இரண்டில் ஒன்று தீர்ந்துபோனது. இன்னொன்றுதான் மிச்சம்.

அண்ணி விஷம் வைத்திருக்கக்கூடாதா என்று ஏங்கினாள். அப்படி ஏங்கியதை நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது.

வலியை யாரிடமும் சொல்லவில்லை. வாங்கிய வேலையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தாள்களைத் தட்டிச் சீராக்கினாள். புத்தகத்தின் முதுகில் பசை தடவினாள். துணி ஒட்டி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கட்டைவிரலை எடுத்தால் துணி நழுவும்.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பன் தின்னேன். ஆமா. தெருமுனையில நின்னு தின்னுட்டு, வாய் கொப்பளிச்சு, கை கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன். அது தப்பா? என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

அவள் நிமிர்ந்தாள். ஏதோ முனகினாள்.

"பேசு. அதை வாயிலேர்ந்து எடுத்துட்டுப் பேசேன்."

தூரிகையின் காம்பு அவள் பற்களுக்கிடையில் இருந்தது. கை இரண்டும் வேலையில் இருந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். தொழில் கற்ற நாளிலிருந்து வந்த பழக்கம். காம்பு முழுக்கப் பசை காய்ந்து வெள்ளையாகத் தடித்திருந்தது. ஈரப்பசை அவள் உதட்டோரம் இறங்கியிருந்தது.

அண்ணி உதட்டைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பசையை எதுல காய்ச்சறே?"

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"மைதாவுல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது.

மைதா மூட்டை மேசைக்கடியில் இருந்தது, பாதி காலியாக. வீட்டிலிருந்து மாவெல்லாம் போன அன்று அண்ணி பட்டறையையும் பெருக்கினாள். மூட்டையை நகர்த்திவிட்டுப் பெருக்கித் திரும்ப இழுத்து வைத்தாள். இவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பசையை யாரும் சாப்பாடு என்று நினைக்கவில்லை. அந்த மூட்டைக்கு இரண்டு முழம் தள்ளித்தான் அவள் முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"கோதுமை மாவுதானே மைதா?" என்றாள் அண்ணி, தெரிந்தும்.

அவள் குழாயடிக்கு ஓடினாள்.

கணவன் அன்று சீக்கிரம் வந்தான். மூட்டையைத் தூக்கி வெளியே கொண்டுபோனான். வாசலில் மாவு புகைபோல எழுந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் அதற்குள்தான் மூச்சு விட்டிருக்கிறாள். தூரிகைகள், கிண்ணங்கள், மின்னடுப்பு எல்லாம் போயின. கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வாங்கிவந்து வைத்தான். வேலைக்கு அது போதும் என்று அவளும் சொன்னாள். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டான். நல்லதுதான், மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம், குழாயைத் தள்ளிப் போடலாம் என்றாராம். அவ்வளவுதானா என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான் என்றான். ஆறிவிடும் என்று சொன்னாரா? அவன் அதைக் கேட்கவில்லை.

அடுக்களையில் அண்ணி தட்டை வைத்தாள். சோறு, பயறு, கீரை. அவள் உட்கார்ந்தாள். கை போகவில்லை.

"அண்ணி."

"ம்."

"இதுல என்னென்ன போட்டீங்க?"

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி கோபப்படவில்லை. அரிசியிலிருந்து உப்புவரை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஒரு வாய் நானே தின்னு காட்டுவேன். ஆனா காலையில பன் தின்ன வாய் இது. உன் தட்டுல படக்கூடாது. இனிமே எனக்கும் பன் கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு இழுத்தது. நிறுத்திக்கொண்டாள்.

முதல் கவளத்தை எடுத்தாள். அண்ணி பழையபடி எதிரில் உட்கார்ந்தாள். அவள் மெல்லுவதையும் தொண்டை ஏறி இறங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

மூட்டை போய்விட்டது. பன்னும் இனி வராது. அடுத்த முறையும் எண் இறங்காவிட்டால் பழி போட இந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அது அண்ணிக்கும் தெரிந்திருந்தது.

"மெதுவா சாப்பிடு" என்றாள்.

அவள் அடுத்த வாய் எடுத்தாள்.